தலைக்கணக்கில் உண்டு, உரிமைக்கணக்கில் இல்லை

திருவனந்தபுரம்

2001ஆம் ஆண்டில் கேரளத்தின் மக்கள்தொகை 3 கோடியே 18 லட்சம். 2011ஆம் ஆண்டில் அது 3 கோடியே 34 லட்சம். பத்தாண்டுகளில் கூடியவர்கள் 15 லட்சத்து 65 ஆயிரம் பேர் மட்டுமே. விழுக்காட்டில் சொன்னால் 4.9. இதே மாநிலம் 1961-71 பத்தாண்டில் 26 விழுக்காடு வளர்ந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் மாற்றத்தின் அளவு விளங்கும். 2011 கணக்கெடுப்பில் பத்தனம்திட்டா, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களிலும் மக்கள்தொகை முந்தைய கணக்கெடுப்பைவிடக் குறைந்தே போயிருந்தது.

இந்தப் புள்ளிவிவரங்களை முன்வைத்து இரண்டு குரல்கள் எழுகின்றன. "பிள்ளை பெறுங்கள், இல்லையேல் அழிந்துபோவோம்" என்பது ஒரு குரல். "வெளிமாநிலத்தவர் வந்து நிறைந்துவிட்டார்கள், நம் ஊர் நம் கையைவிட்டுப் போகிறது" என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே அச்சத்தின் இரு முகங்கள். உழைக்கும் வர்க்கத்தின் கட்சி இவ்விரண்டையும் எதிர்கொள்ள வேண்டுமானால், மக்கள்தொகை எப்படி வளர்கிறது, யாரால் வளர்கிறது என்பதை முதலில் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு எண்களின் கணக்கு

எந்த நிலப்பரப்பின் மக்கள்தொகையையும் நான்கு எண்களே தீர்மானிக்கின்றன: பிறந்தவர்கள், இறந்தவர்கள், வந்தவர்கள், போனவர்கள். கேரளத்தில் முதல் இரண்டு எண்களுக்கும் இடையிலான தூரம் ஆண்டுதோறும் சுருங்கி வருகிறது. 2011இல் மாநிலத்தில் பதிவான பிறப்புகள் ஏறத்தாழ 5 லட்சத்து 60 ஆயிரம். 2021இல் அது 4 லட்சத்து 20 ஆயிரத்துக்குக் குறைந்தது. நிலச்சீர்திருத்தமும் பொதுக்கல்வியும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் பெண்களுக்கு அளித்த தன்னுரிமையின் விளைவு இது. எந்த வற்புறுத்தலும் கட்டாயக் கருத்தடையும் இன்றி, 1980களின் இறுதியிலேயே ஒரு பெண்ணுக்கு இரண்டு குழந்தைகள் என்ற நிலையைக் கேரளம் எட்டிவிட்டது. இது வருந்த வேண்டிய செய்தி அன்று.

ஆனால் பிறப்பு குறைந்தது மட்டுமே மந்தமான வளர்ச்சிக்குக் காரணமா? 2001-11 பத்தாண்டில் கேரளத்தின் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 15 முதல் 17 வரையிலும், இறப்பு விகிதம் 7 என்ற அளவிலும் இருந்தன. அந்த வேகத்தில் பிறப்பினாலேயே மக்கள்தொகை 28 லட்சம் அளவுக்கேனும் கூடியிருக்க வேண்டும். கூடியதோ 15 லட்சத்துச் சொச்சம். மீதிப் பேர் எங்கே போனார்கள்? வளைகுடாவுக்கும் பெங்களூருக்கும் சென்னைக்கும் ஐரோப்பாவுக்கும் போனார்கள். இயற்கையாகக் கூடியிருக்க வேண்டிய வளர்ச்சியில் பாதிக்கு அருகே புலம்பெயர்வு கரைத்துவிட்டது.

இந்தப் புலம்பெயர்வை இந்தியாவில் வேறெந்த மாநிலத்தைவிடவும் துல்லியமாக அளந்திருப்பது திருவனந்தபுரம் உள்ளூரில் இயங்கும் வளர்ச்சி ஆய்வு மையமே. கே.சி. சக்கரியாவும் எஸ். இருதயராஜனும் 1998இல் தொடங்கிய கேரளப் புலம்பெயர்வு ஆய்வு, அன்று 13 லட்சத்து 60 ஆயிரம் மலையாளிகள் வெளிநாடுகளில் வாழ்ந்ததாகக் கணக்கிட்டது. 2013-14இல் அது 24 லட்சமாக உயர்ந்தது. 2018இல் 21 லட்சமாக இறங்கி, 2023இல் 22 லட்சத்தில் நிற்கிறது. எண்ணிக்கை நின்றாலும் தன்மை மாறியிருக்கிறது. 2018இல் 1 லட்சத்து 30 ஆயிரமாக இருந்த வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கை ஐந்தே ஆண்டுகளில் 2 லட்சத்து 50 ஆயிரம் ஆயிற்று. முன்பு போனவர்கள் சம்பாதித்து வீடு திரும்பும் எண்ணத்தோடு போனார்கள். இப்போது போகும் இளைஞர்களில் பெரும்பாலோர் திரும்பும் எண்ணத்தோடு போவதில்லை.

வெற்றிடத்தை நிரப்பியவர்கள்

போனவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் வேலை நின்றுவிடவில்லை. வளைகுடாப் பணத்தில் வீடுகள் எழும்பின. அவற்றைக் கட்டக் கைகள் வேண்டியிருந்தன. அந்தக் கைகள் முதலில் தமிழ்நாட்டிலிருந்து வந்தன. 1970கள் முதல் 1990கள் வரை கேரளத்தின் கட்டுமானத் தளங்களிலும் சாலைப் பணிகளிலும் செங்கல் சூளைகளிலும் உழைத்தவர்கள் திருநெல்வேலி, மதுரை, திண்டுக்கல், சேலம் மாவட்டங்களின் நிலமற்ற ஏழைகளே. கொச்சியின் வாத்துருத்தியில் நெருக்கியடித்து நிற்கும் குடியிருப்பு அந்த வரலாற்றின் சாட்சியாக இன்றும் இருக்கிறது.

பிறகு தமிழ்நாட்டிலேயே தொழில்கள் பெருகின. கூலி வித்தியாசம் குறைந்தது. தமிழ்த் தொழிலாளர் வரவு மெலிந்தது. அந்த இடத்துக்கு வங்கத்தின் முர்ஷிதாபாத்திலிருந்தும், அசாமிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும், பீகார், ஜார்க்கண்டிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தனர். இதில் ஒரு சுவையான வரலாறு உண்டு. 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் காடுகளில் மரம் வெட்டுவதற்குத் தடை விதித்தபோது அசாமின் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. ரப்பர் மரத்தை மூலப்பொருளாகக் கொண்டு பெரும்பாவூரில் அத்தொழில் வளர்ந்தது. தொழில் இடம்பெயர்ந்தபோது தொழிலாளியும் அதன் பின்னால் நாட்டின் மறுகோடியிலிருந்து வந்து சேர்ந்தார். மூலதனம் போகும் திசையில்தான் உழைப்பு போகிறது. தொழிலாளி தன் ஊரை வெறுத்துப் புறப்படுவதில்லை.

திருவனந்தபுரத்தின் குலாத்தி நிதி, வரிவிதிப்பு நிறுவனம் 2013இல் நடத்திய ஆய்வு, கேரளத்தில் 25 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருப்பதாகவும், ஆண்டுக்கு 17,500 கோடி ரூபாய் அவர்கள் வழியாக அவர்களுடைய ஊர்களுக்குச் செல்வதாகவும் மதிப்பிட்டது. மாநிலத் திட்டக்குழுவின் பிந்தைய ஆய்வொன்று 2017-18இல் அவர்கள் 31 லட்சம் பேர் என்றது. 2011 கணக்கெடுப்பின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ பதினொருவருக்கு ஒருவர். வேலை செய்யும் வயதினரை மட்டும் எடுத்துக்கொண்டால் அவர்களது பங்கு இதைவிடவும் கூடுதல். ஏனெனில் அவர்களில் குழந்தைகளும் முதியோரும் மிகக் குறைவு. அவர்களைப் பெற்று வளர்த்துப் படிக்கவைத்த செலவை வங்கமும் ஒடிசாவும் ஏற்றன. உழைக்கும் வயதில் அவர்களுடைய உழைப்பைக் கேரளம் பெறுகிறது. உடல் தளரும்போது மீண்டும் ஊருக்கே அனுப்பிவிடுகிறது. கேரளத்துக்கும் வளைகுடாவுக்கும் இடையே இதே உறவுதான் நிலவுகிறது என்பதை மலையாளிகளுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஜெர்மனி சொல்லும் பாடம்

இந்த நிலையைக் கேரளத்துக்கு முன்பே கடந்துவந்த நாடு ஜெர்மனி. அங்கே 1972 முதல் இன்றுவரை ஒவ்வோர் ஆண்டும் பிறப்பைவிட இறப்பே அதிகம். அரை நூற்றாண்டாக இப்படியிருந்தால் அந்நாட்டின் மக்கள்தொகை வெகுவாகச் சரிந்திருக்க வேண்டும். மாறாக, அன்று 8 கோடிக்குச் சற்றுக் குறைவாக இருந்தது இன்று 8 கோடியே 30 லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. இந்த வளர்ச்சி முழுவதும் குடியேறியவர்களால் வந்தது.

போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனி தன் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேடி 1955இல் இத்தாலியோடும், 1961இல் துருக்கியோடும் ஒப்பந்தம் செய்தது. வந்தவர்களுக்கு 'விருந்தினர் தொழிலாளி' என்று பெயரிட்டது. விருந்தினர் என்றால் திரும்பிப் போக வேண்டியவர் என்பது அதன் உட்பொருள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் ஆள் சேர்ப்பை நிறுத்தியது. ஆனால் வந்தவர்கள் போகவில்லை, குடும்பத்தை அழைத்துக்கொண்டார்கள், பிள்ளைகள் அங்கேயே பிறந்தனர். இரத்த உறவை மட்டுமே அடிப்படையாகக் கொண்டிருந்த 1913ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, அந்தப் பிள்ளைகள் பிறந்த மண்ணிலேயே அந்நியராக வளர்ந்தனர். அந்நாட்டில் பிறந்த குழந்தைக்குப் பிறப்பின் அடிப்படையில் குடியுரிமை கிடைக்க 2000ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட நான்கு பத்தாண்டுகளின் புறக்கணிப்பு விதைத்த கசப்பைத்தான் இன்று அங்கே தீவிர வலதுசாரிகள் அறுவடை செய்கிறார்கள்.

அதே ஜெர்மனி இன்று தன் முதியோரைப் பராமரிக்கக் கேரளத்தின் செவிலியரைத் தேடி வருகிறது. நோர்க்கா ரூட்ஸ் வழியாக அதற்கென ஒப்பந்தமே செய்துகொண்டிருக்கிறது. கோட்டயத்தின் செவிலியர் ஜெர்மன் முதியோரைப் பார்த்துக்கொள்ளப் போகிறார்; அவருடைய வீட்டின் கூரையை முர்ஷிதாபாத் தொழிலாளி கட்டுகிறார். இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியும் தனித்து நிற்கவில்லை.

'அதிதி' என்னும் சொல்

கேரளம் தன் வெளிமாநிலத் தொழிலாளர்களை 'அதிதித் தொழிலாளி' என்று அழைக்கிறது. 'அந்நிய மாநிலத் தொழிலாளி' என்ற பழைய சொல்லை மாற்ற வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பிறந்த சொல் இது. சொல்லோடு நில்லாமல் செயலும் இருந்தது. 2010இல் இடது ஜனநாயக முன்னணி அரசு நாட்டிலேயே முதன்முறையாகப் புலம்பெயர் தொழிலாளருக்கென நலத்திட்டம் கொண்டுவந்தது. 2017இல் தொடங்கிய 'ஆவாஸ்' காப்பீடு 15,000 ரூபாய் வரை இலவச சிகிச்சையும், விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாயும் அளித்தது. பாலக்காடு கஞ்சிக்கோட்டில் 'அப்னா கர்' விடுதி எழுந்தது. எழுத்தறிவு இயக்கம் 'சங்ஙாதி' திட்டத்தின் மூலம் மலையாளம் கற்பித்தது. 2020 ஊரடங்கின்போது நாடு முழுவதும் அரசுகள் திறந்த நிவாரண முகாம்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கேரளத்திலேயே இருந்தன. அதே காலத்தில் தேசிய நெடுஞ்சாலைகளில் எத்தனை தொழிலாளர்கள் செத்து விழுந்தார்கள் என்ற கணக்கே தன்னிடம் இல்லையென ஒன்றிய அரசு 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கூறியது. இந்த வேறுபாட்டை நாம் பெருமிதத்தோடு சொல்லலாம்; சொல்ல வேண்டும்.

ஆயினும் விருந்தோம்பல் வேறு, உரிமை வேறு. விருந்தினருக்கு நல்ல சோறு போடலாம். வீட்டு விவகாரத்தில் அவரை யாரும் கருத்துக் கேட்பதில்லை. வீட்டாரின் மனம் மாறினால் விருந்தினர் அந்நியராகி விடுகிறார். 2023 மே மாதம் மலப்புரம் மாவட்டம் கிழிச்சேரியில் பீகார் தொழிலாளி ஒருவரைத் திருடனென்று சந்தேகித்து ஒரு கும்பல் அடித்தே கொன்றது. எழுத்தறிவும் அமைப்பு பலமும் மிக்க மண்ணிலும் இது நிகழ்ந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு மார்ச் மாதம், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரப்பப்பட்டபோது, திருப்பூரில் தொழிலாளர்கள் அஞ்சி இரயில் நிலையங்களுக்கு விரைந்ததையும் கண்டோம். இரு மாநிலங்களிலும் பொருளாதாரம் இவர்களின் தோளில் நிற்கிறது. ஆனால் ஒரு வதந்திகூட அவர்களைப் பெயர்த்துவிடும் நிலையில்தான் அவர்களின் இருப்பு உள்ளது.

மக்கள்தொகையும் தொகுதிகளும்

இப்போது இந்தக் கேள்விக்கு உடனடி அரசியல் முக்கியத்துவம் வந்துவிட்டது. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடைபெறுமென அறிவிக்கப்பட்டுள்ளது. மக்களவை இடங்களின் மாநிலவாரிப் பகிர்வை 1971 கணக்கெடுப்பின் அளவிலேயே நிறுத்திவைத்த அரசியலமைப்பு ஏற்பாடு, 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்போடு முடிவடைகிறது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் தண்டிக்கப்படும் அபாயம் கற்பனை அன்று. 15ஆவது நிதிக்குழு 2011 மக்கள்தொகையை எடுத்துக்கொண்டபோது, பகிர்ந்தளிக்கப்படும் வரியில் கேரளத்தின் பங்கு 2.5 விழுக்காட்டிலிருந்து 1.925 ஆக வீழ்ந்தது.

இந்த அநீதியை எதிர்ப்பது நமது கடமை. ஆனால் எதிர்ப்பின் மொழி எது? 2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு கூடுதல் குழந்தைகள் பெறுமாறு மக்களை அழைத்தார். அதே மாதத்தில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலினும் ஒரு திருமண விழாவில் 'பதினாறும் பெற்று' என்ற வாழ்த்தை நினைவூட்டிப் பேசினார். வேடிக்கையாகச் சொன்னாலும், தொகுதிக் கணக்கின் சுமையைப் பெண்ணின் கருப்பையின் மீது ஏற்றும் எந்தப் பேச்சையும் இடதுசாரிகள் ஏற்க இயலாது. கூட்டாட்சிக்கான போராட்டம் அரசியல் களத்தில் நடத்தப்பட வேண்டியது.

இங்கே கவனிக்காமல் விடப்படும் ஒரு முரண்பாடும் உண்டு. கணக்கெடுப்பு ஒருவரை அவர் தங்கியிருக்கும் இடத்தில் எண்ணுகிறது. துபாயில் இருக்கும் மலையாளி கேரளக் கணக்கில் வரமாட்டார். பெரும்பாவூரில் இருக்கும் அசாமியர் வருவார். அதாவது கேரளத்தின் மக்கள்தொகையையும், அதனால் கிடைக்கும் பிரதிநிதித்துவத்தையும் நிதியையும் தாங்கிப் பிடிப்பதில் இந்தத் தொழிலாளர்களுக்கும் பங்குண்டு. ஆனால் அந்தப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பதில் அவர்களுக்குப் பங்கில்லை. அவர்களுடைய பெயர் பிறந்த ஊரின் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. தேர்தல் நாளில் கூலியை இழந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்ய அவர்களால் இயலாது. ஓரிடத்தில் வழக்கமாக வசிப்பவர் அங்கேயே வாக்காளராகலாம் என்று 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறுகிறது. வாடகை ஒப்பந்தமோ முகவரிச் சான்றோ தரப்படாத கொட்டகைவாசிக்கு அந்த உரிமை ஏட்டளவில் நின்றுவிடுகிறது. தலைக்கணக்கில் இருக்கிறார்கள், உரிமைக்கணக்கில் இல்லை.

தமிழர்களுக்கு இது புதிதல்ல

இந்த இதழைப் படிக்கும் தோழர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். இலங்கையின் தேயிலை மலைகளை உருவாக்கிய தமிழர்களின் குடியுரிமையை 1948இல் ஒரே சட்டம் பறித்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய பொருளாக நடத்தியது: 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினர் கொல்லம் மாவட்டம் புனலூரின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர்.

மூணாறு நம் கண்முன்னே இருக்கிறது. அங்கே தேயிலை நட்டவர்களின் வாரிசுகள் தலைமுறைகள் கடந்தும் நிறுவனத்தின் லயங்களில் வாழ்கிறார்கள். 2015 செப்டம்பரில் போனசுக்காகவும் கூலிக்காகவும் அத்தோட்டப் பெண்கள் கிளர்ந்தெழுந்தபோது, தொழிற்சங்கங்களையும் சேர்த்தே கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்வியின் கூர்மை இன்னும் மழுங்கவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடி நிலச்சரிவு 70 உயிர்களை விழுங்கியது. சொந்த நிலமும் சொந்த வீடும் இல்லாத தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. மக்கள்தொகையில் ஒருவராகச் சேர்வதற்கும் மண்ணில் உரிமையுள்ளவராக ஆவதற்கும் இடையே நூறாண்டு தூரம்கூட இருக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

கட்சியின் கடமை

1870 ஏப்ரலில் மார்க்ஸ் எழுதிய கடிதமொன்றில், ஆங்கிலேயத் தொழிலாளிக்கும் அயர்லாந்துத் தொழிலாளிக்கும் இடையே வளர்க்கப்பட்ட பகைமையே ஆங்கிலேயத் தொழிலாளி வர்க்கத்தின் பலவீனத்துக்கு மறைபொருள் என்று சுட்டிக்காட்டினார். 1907இல் ஸ்டட்கார்ட்டில் கூடிய சர்வதேசத்தின் காங்கிரஸ், இனத்தின் பெயரால் குடியேற்றத்தைத் தடுக்கும் யோசனைகளை நிராகரித்தது. 1913இல் லெனின், முதலாளித்துவம் மக்களை ஈவிரக்கமின்றிப் பெயர்த்தெறிந்தாலும், அதன்மூலம் பல தேசத் தொழிலாளர்கள் ஒரே ஆலையில் சேர்வதில் முன்னேற்றத்தின் வித்து இருப்பதையும் கண்டார். நமது நிலைப்பாட்டுக்கு இந்த மரபே அடித்தளம்.

வந்தவர்களால் உள்ளூர்க் கூலி குறைகிறது என்ற வாதம் நம் சங்கங்களுக்குள்ளும் ஒலிக்கிறது. அதை வெறுமனே பிற்போக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரே வேலைக்கு இரண்டு கூலி இருக்கும்வரை முதலாளி மலிவானதையே எடுப்பான். ஆகவே மலிவானவரை விரட்டுவது தீர்வாகாது. அவருடைய கூலியை உயர்த்துவதே தீர்வு. ஒப்பந்ததாரர் வழியாக வந்தவரை மட்டுமே 1979ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் அங்கீகரித்தது. தானாக வந்தவரை விட்டுவிட்டது. மாநிலங்களவையை எதிர்க்கட்சிகள் புறக்கணித்திருந்த நிலையில் 2020இல் நிறைவேற்றப்பட்ட தொழிலாளர் தொகுப்புச் சட்டம், தானாக வந்தவரைச் சேர்த்துக்கொண்டது போலக் காட்டிவிட்டு, ஐந்து தொழிலாளர் என்றிருந்த வரம்பைப் பத்தாக உயர்த்தியது. இடப்பெயர்ச்சிப் படியையும் கைவிட்டது. சிறு பட்டறைகளிலும் சிறு கட்டுமானங்களிலும் சிதறிக் கிடக்கும் பெரும்பகுதியினர் இதனால் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

எனவே நமது கிளைகளின் முன் நிற்கும் பணிகள் தெளிவானவை. முதலாவதாக, கட்டுமானம், உணவகம், ஒட்டுப்பலகை, மீன்பிடித் துறைச் சங்கங்கள் வெளிமாநிலத் தொழிலாளர்களை உறுப்பினர்களாகச் சேர்ப்பதோடு அவர்களிலிருந்தே பொறுப்பாளர்களையும் உருவாக்க வேண்டும். வங்காளியிலும் இந்தியிலும் ஒடியாவிலும் துண்டறிக்கை வர வேண்டும். இரண்டாவதாக, ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பதை ஒவ்வொரு கூலி ஒப்பந்தத்திலும் எழுத்தில் பெற வேண்டும். மூன்றாவதாக, வரும் கணக்கெடுப்பில் கொட்டகைகளிலும் கடைமாடிகளிலும் தங்கியிருப்போர் ஒருவர்கூட விடுபடாமல் எண்ணப்படுவதை உள்ளாட்சி உறுப்பினர்கள் கண்காணிக்க வேண்டும். நான்காவதாக, இங்கேயே நிலைத்துவிட்டவர்களும் நிலைக்க விரும்புகிறவர்களும் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள உதவ வேண்டும். அவர்கள் நமக்கு வாக்களிப்பார்களா என்ற கணக்கு அதில் குறுக்கே வரக் கூடாது. ஐந்தாவதாக, அவர்களுடைய குழந்தைகள் அரசுப் பள்ளிகளில் சேர வேண்டும். மாணவர் குறைந்து மூடப்படும் நிலையிலுள்ள பள்ளிகளைக் காப்பாற்றப் போகிறவர்களும் அவர்களே.

தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு இது அண்டை மாநிலத்துச் செய்தி அன்று. தமிழ்நாட்டின் பிறப்பு விகிதமும் ஈடுசெய் அளவுக்குக் கீழே போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. திருப்பூரும் கோவையும் திருப்பெரும்புதூரும் பெரும்பாவூரின் பாதையில்தான் நடக்கின்றன. நேற்றுவரை போனவர்களின் மண்ணாக இருந்த தமிழகம் இன்று வருபவர்களின் மண்ணாகவும் மாறியிருக்கிறது. இலங்கையிலும் மலேசியாவிலும் மும்பையிலும் தமிழ்த் தொழிலாளிக்கு எந்த உரிமையை நாம் கேட்டோமோ, அதே உரிமையைத் திருப்பூரில் பீகார் தொழிலாளிக்கும் பெரும்பாவூரில் அசாம் தொழிலாளிக்கும் பெற்றுத்தருவதற்கான போராட்டத்தைச் சங்கங்களும் கிளைகளும் இப்போதே தொடங்க வேண்டும்.